கடலையும் சேர்த்து வரைய வேண்டிய ஊர்

கட்டடக்கலை படித்தவர்களிடம் ‘மெஷர்டு டிராயிங்’ என்று சொன்னால் முகம் மலரும். ஐந்தாண்டுப் படிப்பில் ஏதாவது ஒரு பருவத்தில் ஒரு பழைய ஊருக்குப் போயிருப்பார்கள். டேப்பின் நுனியை ஒருவர் சுவரில் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் மறுமுனை வரை இழுத்துப்போக, மூன்றாமவர் நோட்டில் எண்களைக் குறிப்பார். திண்ணையின் உயரம், தூணின் சுற்றளவு, கதவு நிலையின் அகலம், முற்றத்தின் மூலைவிட்டம். ராத்திரி தங்குமிடத்தில் கூட்டிப் பார்த்தால் எங்கேயாவது நாலு அங்குலம் உதைக்கும். மறுநாள் விடிந்ததும் திரும்பப் போய் அளப்பார்கள். ஊர் திரும்பியபின் பல வாரம் ஸ்டுடியோவில் விழித்திருந்து வரைந்து, ஜூரி நாளில் தாள்களைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பார்கள். ஒரு கட்டடத்தை இப்படி அளந்தவர் அதை லேசில் மறப்பதில்லை.

இந்தப் பயிற்சியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கரைக்கு வரும்போது மட்டும் அந்த டேப் கடற்கரைச் சாலையோடு நின்றுவிடுகிறது. இந்த ஊரின் கல்லும் சுண்ணாம்பும் தெருவின் போக்கும், அதன் பணமும், கடலுக்குள்ளிருந்து வந்தவை. கரையோடு நிற்கும் அளவீடு பாதி ஊரைத்தான் காட்டும்.

சென்னை கிண்டியில் 1957இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கி, 1978க்குப் பின் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமான கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி தமிழ்நாட்டில் இந்தக் கல்வியின் மூத்த இடங்களில் ஒன்று. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டத்துக்குப் பிறகு பாடத்திட்டத்துக்கு நாடு முழுவதும் ஒரு பொது வடிவம் வந்தது. வரலாற்று வகுப்பில் தமிழ்நாட்டுப் பகுதி மாமல்லபுரத்தில் தொடங்கித் தஞ்சாவூர் வழியாக மதுரைக்குப் போகும். மதுரையில் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காக வளரும் வீதிகள்தான் தமிழ் நகர அமைப்புக்கு எடுத்துக்காட்டாக மாணவர் மனதில் பதிகின்றன. அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணோடு தூத்துக்குடியில் இறங்குகிறவருக்குக் கருங்கல்லும் தெரியாது, நடுவில் ஒரு கோயிலைச் சுற்றி அடுக்கிய சதுரங்களும் தெரியாது. ஊர் ஒழுங்கின்றி வளர்ந்ததாகவே தோன்றும்.

அப்படித் தோன்றும்போது கை தானாகப் பட்டியலுக்குப் போகும். 1712இல் அடிக்கல் நட்டு 1713இல் கட்டி முடிக்கப்பட்ட பனிமய மாதா பேராலயம், டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம், பரதவர் சாதித் தலைவரின் பாண்டியபதி மாளிகை, கிரேட் காட்டன் ரோட்டின் பழைய கம்பெனிக் கட்டடங்கள். எல்லாமே அளக்கத் தகுந்தவை, அளந்தே ஆக வேண்டியவை. பட்டியலை எழுதி முடித்ததும் ஊர் முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

ஒரு சுவரைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பழைய துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் காரை பெயர்ந்த கிட்டங்கிச் சுவர்கள் இன்னும் சில நிற்கின்றன. காரைக்குள் இருப்பது செங்கல்லாகவும் இருக்கலாம். பல இடங்களில் வெளிர் மஞ்சள் நிறத்தில், விரல் வைத்தால் சொரசொரப்பாக, நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளையிட்ட கல் தெரியும். அது பவளப்பாறை. ஒவ்வொரு துளையும் ஒரு காலத்தில் ஓர் உயிரின் வீடு. ஈரமாக இருக்கும்போது கோடரிக்குக்கூட வெட்டுப்படும், வெயிலில் காய்ந்தால் இறுகும், கருங்கல்லைவிட எடை குறைவு. தோணியில் ஏற்றிக் கொண்டுவரத் தோதான கல். அதை இணைத்த சாந்தும் கிளிஞ்சலையும் பாறையையும் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான். அந்தச் சுவரில் கடலில் பிறக்காதது என்று பார்த்தால் உத்தரமும் ஓடும் மட்டும்தான்.

கடலில் பிறந்த கல்லுக்குள் உப்பு இருக்கும். அடியிலிருந்து ஈரம் ஏறி, சுவரின் முகத்தில் உலர்ந்து, உப்பு பூத்துப் பொருக்குத் தட்டும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விடும். அதனால் சில ஆண்டுக்கொரு முறை வெள்ளையடித்தும் காரையைப் புதுப்பித்தும் வந்தவரை சுவர் தாங்கியது. கடந்த தலைமுறையில் அதன்மேல் சிமென்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளுக்குள்ளேயே படிகமாகிக் கல்லைப் பொடியாக்குகிறது. வெளியே பளபளப்பாக நிற்கும் சுவரைத் தட்டினால் பொள்ளலாகக் கேட்கும். பழைய கட்டடத்தைக் காப்பாற்றும் நல்லெண்ணமே அதைக் கொல்வதைப் பார்ப்பது வேதனை. சுண்ணாம்பைப் புளிக்க வைத்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். கட்டடக்கலைத் துறை அவசரமாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அவர்களிடம்தான் இருக்கிறது.

இந்தக் கல் வந்த இடத்துக்குப் போனால் கதை இன்னும் கனக்கிறது. மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் என்று கணக்கு. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது சொன்ன எண்ணிக்கை அது. தூத்துக்குடிக்கு எதிரே இருப்பவை வான், காசுவாரி, விலாங்குச்சல்லி, காரியச்சல்லி. இவற்றில் விலாங்குச்சல்லி இப்போது நீர்மட்டத்துக்கு மேலே இல்லை. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் அப்படியே மூழ்கிப்போனது. தீவைச் சுற்றி அரணாக நின்ற பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அரண் போனதும் அலை நேரே மணலில் மோதியது. 2001இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகே வெட்டுவது ஓய்ந்தது. வான் தீவும் வெகுவாகச் சுருங்கியது. 2015 முதல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தின் பங்களிப்போடு அதன் முன்னால் செயற்கைப் பாறைகளை இறக்கி அரிப்பைத் தடுக்க முயன்றார்கள்.

கட்டடக்கலை வரலாற்று வகுப்பில் தஞ்சைப் பெரிய கோயிலின் கல் எங்கிருந்து வந்தது என்று பாடம் நடத்துகிறோம். தூத்துக்குடியின் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கண்முன்னே ஒரு தீவு காணாமல்போன செய்தி எழுந்து நிற்கிறது. பழங்காலத்துக் கிட்டங்கிகள் எடுத்த கல் கொஞ்சம்தான். தீவை அழித்தது இருபதாம் நூற்றாண்டின் ஆலைப் பசி. இருந்தாலும் ஊரும் பாறையும் ஒரே உடம்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால்தான் மாணவருக்கு அது புரியும்.

இதே கரையில் கரைக்கோடுகூட நிலையாக இருந்ததில்லை. சங்ககாலப் பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 1870களில் அங்கே தோண்டிப் பார்த்த பிஷப் கால்டுவெல், தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் விலக விலகத் துறைமுகமும் கொற்கையிலிருந்து காயலுக்கு நகர்ந்தது என்று விளக்கினார். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டெழுதிய துறைமுகம் அந்தக் காயல். பிறகு புன்னைக்காயல் போர்த்துக்கீசியருக்குத் தலைமையிடமாகி, பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த இடம் தூத்துக்குடிக்கு வந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றினார்கள், 1825இல் அது நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆட்சி மாறியதைச் சொல்லும் புத்தகங்கள் நிறைய உண்டு. ஆறு துறைமுகத்தை நகர்த்திய வரலாற்றை நகர வடிவமைப்பு மாணவர் வரைந்து பார்க்க வேண்டும்.

முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்வோம். இந்தக் கரையின் மிகப் பெரிய நகரம் இதில்தான் எழுந்தது, அது இன்று எந்த வரைபடத்திலும் இல்லை. சலாபம் என்று இங்கே சொல்லும் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததல்ல. பார்கள் எனப்படும் கடலடிச் சிப்பிப் படுகைகளில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று சோதித்து, முற்றியிருந்தால் அரசு அறிவிப்புச் செய்யும். சில சமயம் தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டு நடக்கும், பிறகு பல ஆண்டு ஒன்றுமே இராது. அறிவிப்பு வந்துவிட்டால் வெறும் மணற்பரப்பில் பனை ஓலையும் தென்னங்கீற்றும் மூங்கிலும் கொண்டு ஓர் ஊர் எழும். பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாட்கள், செட்டியார்கள், முத்தைத் துளையிடுகிறவர்கள், சோறு விற்கிறவர்கள், போலீஸ், மருத்துவர், நீதிபதி என்று எல்லோரும் வந்து சேர்வார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் 1905இல் நடந்த சலாபத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட படகுகள் சுமார் 8 கோடிச் சிப்பிகளை எடுத்தன. அவ்வளவு பேரும் தங்க, தண்ணீர் குடிக்க, வழக்காட, நோய்க்கு மருந்து வாங்க ஏற்பாடு செய்த ஊர் சில வாரத்தில் கலைந்து மணலானது.

அந்த ஊரின் அமைப்பு தற்செயலானதல்ல. நள்ளிரவுக்குமேல் தரைக்காற்று வீசும்போது படகுகள் பாருக்குப் புறப்படும். விடிந்தபின் கல்லைக் கட்டிக்கொண்டு குளியாள் இறங்க, படகில் அவனுடைய துணையாளான மண்டக்கு கயிற்றைப் பிடித்திருப்பான். பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் பாய் விரித்துக் கரைக்கு வருவார்கள். படகுகள் முட்டிக்கொள்ளாமல் ஒதுங்க நீண்ட மணற்கரை வேண்டும். இறங்கிய சிப்பி நேரே கொட்டுக்குப் போகும். வேலி கட்டிப் பல அறைகளாகப் பிரித்த அரசு அடைப்பு அது. அங்கே ஒவ்வொரு படகின் சிப்பியையும் மூன்று குவியலாகப் பிரித்து, வழக்கமாக இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும், ஒன்று குளியாட்களுக்கு. அரசுப் பங்கு மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவர் சிப்பியை நாள்கணக்கில் அழுக வைத்து, புழு தின்றபின் கழுவி முத்தைப் பொறுக்குவார். ஊரே நாறும், ஈ மொய்க்கும், காலரா வந்தால் சலாபமே பாதியில் நின்றுபோகும். ஆகவே குடியிருப்பு எந்தப் பக்கம், அழுகல் தொட்டிகள் எந்தப் பக்கம், குடிநீர் எங்கே என்பதெல்லாம் காற்றின் திசையைப் பார்த்து முடிவு செய்தவை. காற்று, வரி, நோய் மூன்றும் சேர்ந்து வகுத்த நகரத் திட்டம் என்று இதைச் சொல்வேன்.

இதை அளக்க டேப் உதவாது. எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் ஹார்னெலும் சென்னை அரசுக்காக எழுதிய அறிக்கைகள், கலெக்டர் அலுவலகக் கடிதங்கள், பழைய புகைப்படங்கள், அதற்கும் முந்தைய டச்சு ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து கொட்டின் நீளத்தையும் தெருவின் அகலத்தையும் கட்டியெழுப்ப வேண்டும். டச்சு ஆவணங்களில் ஒரு பகுதி எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, பெரும்பகுதி நெதர்லாந்தின் ஹேக் நகரில். மார்க்குஸ் விங்க் போன்ற வரலாற்றாசிரியர்கள் அவற்றில் மூழ்கி மதுரை நாயக்கருக்கும் டச்சுக் கம்பெனிக்குமான உறவை எழுதியிருக்கிறார்கள். அந்தக் காகிதங்களிலிருந்து ஒரு ஊரின் தரைப்படத்தை வரைவது வரலாற்றுத் துறையின் வேலையா, கட்டடக்கலைத் துறையின் வேலையா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் யாரும் செய்யமாட்டார்கள். தூத்துக்குடிக் கடலில் கடைசிச் சலாபம் முடிந்தது 1961இல். அதைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். காகிதம் காத்திருக்கும், அவர்களால் காத்திருக்க முடியாது.

நிலையாக நின்ற ஊரையும் கடல்தான் வகுத்தது. பழைய துறைமுகத்தில் கடல் ஆழமில்லை. கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கின. பெரிய கப்பல் கரைக்கு வராததால் பெரிய துறைமுகக் கட்டடமும் வரவில்லை. சின்னச் சின்னப் பாலங்களும், தோணி ஒதுங்கும் கரையும், அதற்குச் செங்குத்தாக உள்ளே ஓடும் தெருக்களில் வரிசையாகக் கிட்டங்கிகளுமாக ஊர் நீண்டது. 1876இல் ரயில் வந்ததும் கரிசல் காட்டுப் பருத்தி நேரே இங்கே வந்து இறங்கியது. கிரேட் காட்டன் ரோடு என்ற பெயர் அந்தப் பருத்தியைத்தான் சொல்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிறவர்களுக்குப் படகு மெயிலின் கடைசி நிறுத்தம் இதுதான். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் இந்தத் தெருக்களில்தான்.

அதே தெருக்களில் தேரும் ஓடுகிறது. பனிமய மாதாவுக்கு 1806இல் சாதித் தலைவர் செய்துகொடுத்த தங்கத்தேர் எல்லா ஆண்டும் வெளியே வருவதில்லை. 2023 ஆகஸ்டில் வந்தபோது அந்தத் தெருக்களின் திருப்பங்கள் எதற்காக அவ்வளவு அகலம் என்பது கூட்டத்தில் நின்ற யாருக்கும் விளங்கியிருக்கும். கோயில் நகரத்துத் தேர்வீதியின் இலக்கணம் ஒரு மாதாகோயிலைச் சுற்றியும் செல்லுபடியாகிறது. மதுரையைப் படித்த மாணவருக்கு இங்கே பயன் உண்டு, சதுரத்தைத் தேடாமல் தேர் போகும் வழியைத் தேடினால்.

தெற்கே காயல்பட்டினம் வேறு ஒரு பாடம். அங்கே பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக, முன்தெருவைத் தொடாமல் வீடுகளின் பின்பக்கமாக ஓடும் குறுகலான முடுக்குகள் உண்டு. முன்தெருவை மட்டும் அளந்தால் அந்த ஊரில் பாதிப் பேர் நடக்கும் வழி வரைபடத்தில் விடுபட்டுப்போகும். காயலிலும் கீழக்கரையிலும் உள்ள பழைய பள்ளிவாசல்களை அளந்து வரைந்து முறையாக வெளியிட்டவர் கிரீனிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெஹர்தாத் ஷொகூஹி. தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய அவருடைய நூல் 2003இல் வந்தது. கல்தூண்களும் தட்டையான கூரையுமாக, மினாரும் குவிமாடமும் இல்லாத அந்தப் பள்ளிகள் தமிழ்க் கல்தச்சரின் கைவேலை என்பதை அவருடைய வரைபடங்கள் ஐயமறக் காட்டுகின்றன. லண்டனிலிருந்து ஒருவர் வந்து இதைச் செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் துறைகள் அந்த வேலையைத் தொடராமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

கடலையும் சேர்த்து ஒரு முத்துநகரை வரைய முடியுமா என்ற கேள்விக்குப் பஹ்ரைன் விடை சொல்லிவிட்டது. முஹரக் நகரின் முத்துத்தொழில் மரபை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அதில் 17 கட்டடங்கள் இருந்தன. ஒரு கோட்டையும், கடற்கரையின் ஒரு துண்டும், நடுக்கடலில் உள்ள மூன்று சிப்பிப் பார்களும் சேர்ந்தே பதிவாயின. பாரம்பரியச் சின்னம் என்ற பட்டியலில் நீருக்கடியில் உள்ள சிப்பிப் படுகையும் வணிகர் வீடும் ஒரே வரியில் வந்தன. பழைய நகரத்துக்குள் மூன்றரை கிலோமீட்டர் நடைவழி ஒன்று அந்த வீடுகளை இணைக்கிறது. அரபு நாட்டுப் பணம் நம்மிடம் இல்லைதான். ஆனால் பார்களையும் வீடுகளையும் ஒன்றாகக் கருதும் எண்ணத்துக்குப் பணம் வேண்டாம், வரைபடத் தாள் போதும். இலங்கையில் பார்பரா சன்சோனி, ரொனால்ட் லூகாக், லகி சேனநாயக்க மூவரும் சாதாரண வீடுகளையும் மண்டபங்களையும் ஆண்டுக்கணக்கில் வரைந்து 1998இல் நூலாக்கினார்கள். காலி கோட்டை 1988லேயே உலகப் பாரம்பரியமானது. தூத்துக்குடியை ஆண்ட அதே டச்சுக் கம்பெனி கட்டியெழுப்பிய கோட்டை அது. எதிர்க்கரையில் நடந்த வேலைகளை இந்தக் கரை நெருங்கக்கூட இல்லை.

இங்கே காலம் வேகமாகப் போகிறது. 1974இல் பெருந்துறைமுகம் அறிவிக்கப்பட்டபோது கடலுக்குள் நான்கு கிலோமீட்டர் அளவில் நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. சரக்கும் வேலையும் தெற்கே போக, பழைய ஊரின் கிட்டங்கிகள் தொழில் இழந்தன. 2017இல் தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்ட, தூத்துக்குடி நகரம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. பக்கிள் ஓடை எவ்வளவு தாங்கும், உப்பளங்களும் பழைய குளங்களும் முன்பு தண்ணீரை எங்கே வாங்கின, நகரத்தின் எந்தப் பகுதி மேடு, எது பள்ளம் என்பதெல்லாம் அப்போது எல்லோர் வாயிலும் வந்தது. நில மட்டங்களைக் கவனமாகக் குறித்த தெருவாரி வரைபடங்கள் ஒரு துறையிடம் ஆண்டாண்டாகச் சேர்ந்திருந்தால் அந்த நாளில் அவற்றுக்கு வேலை இருந்திருக்கும். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறி, நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. சட்டம் எதைக் காக்கும் என்று சொல்ல முதலில் ஆவணம் வேண்டும்.

ஒரு பருவத்துக்கு உரிய வேலையாக நான் முன்வைப்பது ஒரே ஒரு வெட்டுத்தோற்றம். கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு கிட்டங்கியின் பின்சுவரில் தொடங்கி, கடற்கரைச் சாலையைக் கடந்து, பழைய துறைமுகத்தின் பாலம், ஆழமற்ற கடல், வான் தீவு, அதன் முன்னால் இறக்கிய செயற்கைப் பாறை, அதற்கப்பால் பத்துப் பாகம் ஆழத்தில் கிடக்கும் முத்துப் பார்கள்வரை ஒரே கோட்டில் போக வேண்டும். நீளம் இருபது கிலோமீட்டருக்குக் குறையாது, உயரமும் ஆழமும் சேர்த்தாலும் சில பத்து மீட்டர்தான். அதனால் இரண்டு அளவுகோல் வேண்டியிருக்கும், தாள் சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நீளும். ஜூரியில் பேராசிரியர்களோடு சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரும், இங்கேயே 1973இல் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒருவரும் உட்கார வேண்டும். கடலடியின் பகுதியை மாணவர் தாமாக வரைந்துவிட முடியாது. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் தொள்ளாயிரம் பார் தொடங்கி ஒவ்வொரு பாரையும் பெயர் சொல்லி, கரையில் எந்தக் கோபுரத்தையும் எந்த மரத்தையும் நேர்கோட்டில் வைத்து அதைக் கண்டுபிடிப்பது என்றும் சொல்வார்கள். முதல் வாரத்தில் டேப்பைப் பையில் வைத்துவிட்டு அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.